அல்வா டப்பாவில் இரண்டு குழாய்கள்

திருநெல்வேலியிலிருந்து வருகிறவள் மடியில் ஒரு தகர டப்பா இருந்தால், அதற்குள் இருப்பது அல்வாதான் என்று மலையாளத்தார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நெய்யாற்றின்கரை வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஹல்வயாணோ?" என்று கேட்டாள்.

"இல்லை, மருந்து" என்றேன்.

அது பொய். டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. இரண்டிலும் என் மகள் கோமுவின் தொண்டையிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி. ஒன்று போன வருஷத்தது. மற்றொன்று இந்த வருஷத்தது. அந்த அம்மாள் ஏமாற்றத்துடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முழங்கை டப்பாவில் படாதபடி நான் அதை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டேன். என் குழந்தையைக் கெடுத்ததை இப்படிக் குழந்தை போல அணைத்துக்கொண்டு போகிறேனே என்று தோன்றியது.

கோமுவுக்கு ஏழு வயது. போன ஆடியில் தொண்டை வலி என்றாள். நாலு நாளில் சரியாயிற்று. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் முழங்கை. பாளையங்கோட்டை டாக்டர் நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். இந்த வருஷமும் அதே வரிசையில் எல்லாம் வந்தது. முதலில் தொண்டை, பிறகு மூட்டு, பிறகு இதயத்தின் வால்வு. கிருமி ஒவ்வொரு முறை வரும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும் என்றார். மூன்றாம் முறை வந்தால் என்ன ஆகும் என்று என் கணவர் கேட்டபோது அவர் குழலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

வீட்டில் யாரோ ஒருவர் தொண்டையில் அது நோயில்லாமல் குடியிருக்கலாம் என்பது அவர் சந்தேகம். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் மூன்றாம் முறையைத் தடுக்கலாம். எல்லோர் தொண்டையையும் பஞ்சுக் குச்சியால் தடவிப் பார்த்தார். ஒருவரிடமும் அகப்படவில்லை. அதனால் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே இந்தக் கிருமியின் வகையைப் பிரித்துச் சொல்ல ஓர் அம்மாள் இருக்கிறாளாம். கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம். நான் கோமுவையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரிடமிருந்து வருகிறது என்ற ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அவ்வளவுதான்.

பாலராமபுரம் தாண்டியதும் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தோம். பின்னால் இருந்தவர்கள் எல்லைச் சண்டையை ஆரம்பித்தார்கள். நாகர்கோவிலைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது.

"நாஞ்சில் நாடு உங்களுக்குப் போனால் அரிசிக்கு நாங்கள் எங்கே போவோம்?" என்று ஒரு மலையாளி மலையாளத்தில் கேட்டார்.

"கப்பக்கிழங்கு தின்னும்வே. நாங்க தேங்காய்க்கு அழப்போறோமே, அதை யாரு கேக்கா?" என்றார் ஒரு தக்கலைக்காரர்.

பஸ் முழுவதும் சிரித்தது. கோமுவும் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. சிரிக்காதே என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் என் கணவரின் அக்கா, செண்பக மதினி வீடு. முன்புறம் வற்றல் மிளகாய் மண்டி, பின்புறம் குடித்தனம். தெருவுக்குள் நுழைந்ததும் மிளகாய் நெடியில் கோமு இருமினாள். அவள் இருமினால் நான் அவள் முழங்காலைப் பார்ப்பேன். அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது.

மதினி முப்பது வருஷமாக அங்கே இருக்கிறாள். பேச்சு பாதி அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. "ஏட்டி பகவதி, பிள்ளை என்ன இப்படி மெலிஞ்சு போச்சு? ஒண்ணும் பேடிக்காதே, இங்கே வலிய டாக்டர்மாரெல்லாம் உண்டு" என்றாள். சாப்பாட்டுக்குக் குத்தரிசிச் சோறும் அவியலும். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் விழுகிற இடத்திலெல்லாம் இங்கே தேங்காய் எண்ணெய். கோமு இரண்டு வாயில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் குடிக்கச் சீரகம் போட்டுக் கொதித்த வெந்நீர்தான் தந்தார்கள். இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தானாம். அந்த ஒன்றில் என் மனம் கொஞ்சம் ஆறியது.

மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பும்போது மதினி ஒரு செம்பு நிறைய உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரைக் கையில் கொடுத்தாள்.

"படிச்ச பொம்பளை முன்னால வாயைப் பொளந்து காட்டப் போறே. நல்லா கொப்பளிச்சுட்டுப் போ. நாத்த வாயோட போய் நம்ம குடும்பத்துக்குப் பேரு வாங்கித் தராதே."

நானும் தொண்டை காந்தும் வரை கொப்பளித்தேன். எங்கள் வீட்டிலும் இதே முறைதான். பாளையங்கோட்டை டாக்டர் வருகிற அன்று என் மாமியார் எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி உப்பு வெந்நீர் ஊற்றினார். என் மாமனார்கூட மறு பேச்சில்லாமல் அண்ணாந்து கொப்பளித்தார். எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் உதடு பட வைத்துக் குடிப்பதில்லை. ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அந்தச் சுத்தத்தில் எங்களுக்குப் பெருமை உண்டு.

டவுன் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். கண்டக்டர் சொன்ன பெயரும் என் காகிதத்தில் இருந்த பெயரும் ஒன்றுதான் என்று நானாக நினைத்துக்கொண்டதன் பலன். எங்கள் ஊர் பலகை போலத் தட்டையானது. இங்கே எந்தத் தெருவும் ஒன்று ஏறுகிறது அல்லது இறங்குகிறது. கோமு மேடு ஏறக் கூடாது. ஏழு வயதுப் பெண்ணை இடுப்பிலும் டப்பாவைக் கையிலுமாக வைத்துக்கொண்டு ஏறினேன். பள்ளிக்கூடம் போகிற பெண்கள் குடைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எம்மா, இறக்கி விடும்மா. எல்லாரும் பாக்காங்க" என்றாள் கோமு.

இறக்கி விடவில்லை. அவளுக்கு அந்த வெட்கமாவது இல்லாமல் போகட்டும் என்று இறக்கி விட்டிருக்கலாமோ என்று மேலே போன பிறகு நினைத்தேன்.

டாக்டர் ஏலியம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். சென்னையில் படித்தவள். தமிழ் பேசினாள், மலையாளத்தில் ஊறிய தமிழ். டப்பாவைப் பார்த்ததும், "திருநெல்வேலி ஹல்வா கொண்டு வந்தோ?" என்றாள். கடிதத்தைப் படித்த பிறகு அப்படிக் கேட்டதற்கு வருத்தப்பட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோமுவின் தொண்டையையும் என் தொண்டையையும் தடவி எடுத்தாள். நாளைக்கு வரச் சொன்னாள்.

மறுநாள் இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தாள். ஆட்டு ரத்தம் கலந்து உறைய வைத்த தட்டுகள். கோமுவின் தட்டில் அந்தக் கிருமி இல்லை. பாளையங்கோட்டையில் ஊசி போட்டதில் போயிருக்கிறது. என் தட்டு வெறும் சிவப்பாக இருந்தது. என் உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. நான் இல்லை. வேலைக்காரி கணபதியாகவோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவோ இருக்கட்டும். வேறு யார் தலையிலாவது விழட்டும் என்று அந்த நிமிஷம் நினைத்ததை மறைக்க மாட்டேன்.

டாக்டர் என் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லார் தொண்டையிலும் ஏதெங்கிலும் சாதுவான கிருமி உண்டாகும். உங்க தட்டில் அதுவும் இல்லையே. நேத்து ராவிலே இங்கே வரும் முன்னால என்ன செய்தீங்க?"

சொன்னேன். உப்பு, மஞ்சள், வெந்நீர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "ஊரிலும் இப்படியோ? எல்லாரும் கொப்பளிச்சிட்டா அந்த டாக்டர் எடுத்தது?"

"எல்லாரும்தான்."

"அப்போ அந்தச் சோதனை ஒண்ணும் சோதனையே இல்லை" என்றாள். "நாளைக்கு வாய் கழுவாம வரணும். பல்லு தேய்க்கப் பாடில்லை. ஒரு துளி வெள்ளம் குடிக்கப் பாடில்லை."

மதினிக்கு இதைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

"பல்லு தேய்க்காமலா? ஆரியசாலையில எந்தக் குடும்பத்துப் பொம்பளை அப்படித் தெருவில இறங்கியிருக்கா? எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னை வீட்டுக்குள்ள ஏத்துவாளா?"

மண்டிக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி, அதாவது மதினியின் கணவர், "விடு. நாளைக்குக் கிருமிக்குத்தான் பெண் பார்க்கிற நாள். மேக்கப் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். மதினி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனேன். கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் என் வாயைத்தான் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. தடவி எடுத்து முடிந்ததும் வெளியே குழாயடியில் நின்று விரலாலேயே பல்லைத் தேய்த்தேன்.

பதில் வர ஒரு நாள் ஆகும். கோமுவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனேன். அதுவும் மேடுதான். புலிக்கூண்டுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். புலி இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தது. மற்றக் குழந்தைகள் அதோடு சேர்ந்து கம்பிக்கு வெளியே அங்குமிங்கும் ஓடின.

"நீயும் ஓடணும்னு இருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கு ஓட வேண்டாம்மா. புலியைப் பாத்தாப் போதும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கும் நெஞ்சு வலியா? ஏன் கூண்டுக்குள்ள வச்சிருக்காங்க?" என்றாள்.

மறுநாள் இரண்டாவது தட்டை டாக்டர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சிவப்பில் குண்டூசித் தலை போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் கரைந்து கண்ணாடி போலத் தெளிந்த வட்டம். ரத்தத்தை இப்படிக் கரைப்பது அந்தக் கிருமிதான் என்றாள். கோமு, "எம்மா, சாமி படத்துல தலைக்குப் பின்னால இருக்குமே, அது மாதிரி" என்றாள்.

"தொண்டை வலி எனக்கு வந்ததே இல்லையே" என்றேன்.

"வராம இருக்கும். உங்க உடம்பு அதோடு பழகிப்போச்சு. ஆனா இது குட்டியிடம் உள்ள அதே வகைதானா என்று இனிமேல்தான் பார்க்கணும்."

அப்போதுதான் அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். இந்தக் கிருமியின் மேற்புறத்தில் மயிரிழைகள் போல ஒரு புரோட்டீன் நிற்கிறது. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பிடித்துத் தின்னாமல் இருக்க அதுதான் அதற்குச் சட்டை. இதில் எத்தனையோ வகை உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். சட்டை வம்சாவளியாக வருவது. தாய்க்கு எந்தச் சட்டையோ குட்டிக்கும் அதே சட்டை. ஒன்று இரண்டாகி, இரண்டு கோடியானாலும் எண் மாறாது. அதனால் இரண்டு தொண்டைகளில் ஒரே எண் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சந்தேகிக்கலாம். ஒரு சட்டையை உடம்பு அடையாளம் தெரிந்துகொண்டால் அந்தச் சட்டைக்கு மட்டும்தான் காவல். வேறு சட்டையில் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

எண்ணைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்றாகக் கடல் கடந்து வந்த சீரம் சின்னச் சின்னக் குப்பிகளில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. அதோடு கிருமியின் சாற்றைச் சேர்த்தால் சரியான எண்ணில் மட்டும் வெண்மையாகத் திரியும். மூன்றையும் பார்க்கிறேன் என்றாள். என்னுடையது, கோமுவின் இந்த வருஷக் குழாய், போன வருஷக் குழாய்.

அன்று மதினி செய்த பிரதமன் பாயசத்தை ஒதுக்கி வைத்தேன். கோமுவுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். கரண்டியை என் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அவள் வாய்க்குக் கொண்டு போனபோது என் கை நின்றது. ஒருவர் எச்சில் ஒருவருக்கு ஆகாத வீட்டில் நான் மட்டும் இதைச் செய்து வந்தேன். அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து செய்கிறேன். மாமியார் பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை. பெற்றவள் வாய் பட்டால் அது எச்சிலில் சேராது என்பதுதான் எங்கள் கணக்கு.

மறுநாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க தொண்டையில் உள்ளது அஞ்சு. குட்டியோட இந்த வருஷக் குழாயும் அஞ்சு."

எனக்கு முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது. கஞ்சியைப் பற்றிச் சொன்னேன்.

"கஞ்சியாகவும் இருக்கலாம். ஆனா பக்கத்தில் கிடந்து உறங்கி, முகத்தோடு முகம் வெச்சுப் பேசினாலே போதும். குட்டியிடமிருந்து உங்களுக்கு வந்ததாகவும் இருக்கலாம். அதை எண் சொல்லாது."

அவள் இரக்கத்தோடுதான் அதைச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முயன்றேன். முடியவில்லை. கோமுவுக்கு இந்த முறை தொண்டை வலி வருவதற்கு முந்தின மாதமெல்லாம், போன தடவை மாதிரி ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து, அவளைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பாமல் என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரவும் பகலும் அவளோடு இருந்தது நான் ஒருத்திதான்.

"போன வருஷக் குழாய்?" என்றேன்.

உண்மையில் நான் வந்தது அதற்காகத்தான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. வால்வை முதலில் கெடுத்தது போன வருஷத்தது. அது வேறு எண்ணாக இருந்தால் ஆரம்பம் என்னுடையது அல்ல என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அதற்கு எண் இல்லை" என்றாள் டாக்டர். "அது சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறது."

எனக்குப் புரியவில்லை. அவள் குழாயை எடுத்துக் காட்டினாள். பாளையங்கோட்டை டாக்டர் கிருமி செத்துப்போகாமல் இருக்க அதை வாரா வாரம் புதுத் தீனியில் மாற்றி வளர்த்திருக்கிறார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கண்ணாடிக்குள் அதைப் பிடித்துத் தின்ன வெள்ளை அணு கிடையாது. சண்டை இல்லாத இடத்தில் சட்டை எதற்கு? எப்போதோ ஒன்று சட்டையில்லாமல் பிறந்திருக்கிறது. அதன் பிள்ளைகளும் அப்படியே பிறந்தன. அவைதான் பெருகி மற்றவற்றை மூடிவிட்டன. இப்போது குழாய் நிறைய இருப்பது அந்த வம்சம்.

"அவர் நல்ல கவனமாட்டு வளர்த்திருக்கார். அதனாலதான் கெட்டுப் போச்சு" என்றாள்.

"ஒருமுறை அஞ்சு வந்திருந்தால் அஞ்சுக்குக் காவல் இருக்கும் என்றீர்களே. அப்படியானால் போன வருஷத்தது அஞ்சாக இருக்க முடியாதே?" நான் படித்தவள் என்பதைக் காட்டிக்கொள்வது போல வேகமாகக் கேட்டேன்.

"இல்லாம இருக்கலாம். காவல் எல்லார்க்கும் ஒரே மாதிரி வராது. சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால் ஆகாது, பகவதியம்மா."

"வேறு எண் என்றால், அதுவும் என்னிடம் அப்போது இருந்திருக்குமோ?"

அவள் அந்தக் குழாயை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் தனியாக, கொதிக்கப் போடுகிற பாத்திரத்தில் வைத்தாள். இனி அதை வைத்துக்கொண்டு யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

எனக்குப் பத்து நாள் பென்சிலின் ஊசி. கோமுவுக்குத் தினம் ஒரு சல்பா மாத்திரை, வளர்ந்து பெரியவளாகும் வரை. என் தொண்டை சுத்தமாகிவிட்டது என்று இன்னொரு சோதனை சொல்லும் வரை அவள் பக்கத்தில் நான் படுக்கக் கூடாது. வால்வைப் பற்றிக் கேட்டேன். அது தன் துறை இல்லை என்றாள். பிறகு, "பழைய மாதிரி ஆகாது" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அவள் கோமுவின் பாயை எடுத்துத் தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள். "தம்பிக்கு எழுதாதே. நேரில சொல்லிக்கலாம்" என்றாள். கடைசியில், "அப்போ அந்த உப்பு வெந்நீரை நானும்லா குடுத்தேன்" என்று தன் பங்குக்குத் தானும் எடுத்துக்கொண்டாள்.

திரும்புகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் கோமுவுக்குப் பால் வாங்கினேன். டப்பாவில் இப்போது மதினி போட்ட நேந்திரங்காய் வறுவல். பால் ஆவி பறக்க வந்தது. இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றினேன். எதிரே இருந்த ஒரு மலையாளத்து அம்மாள், பால் ஆறுவதற்குள் பஸ் போய்விடும் என்று சொல்லிச் சிரித்தாள். டம்ளரை வெளியே தொட்டுப் பார்த்தேன். உள்ளே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் உதட்டைத் தவிர வேறு எதை வைத்தும் நான் சூடு பார்த்ததில்லை.

"சூடா இருக்கான்னு குடிச்சுப் பாரும்மா" என்றாள் கோமு.

"நீயே குடி. ஆறிப்போச்சு" என்றேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

என்னை நம்பி ஒரே வாயாகக் குடித்துவிட்டாள். பால் ஆறியிருக்கவில்லை. அழவில்லை, உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வலிக்கிற உதட்டை ஊதிவிடச் சொல்லி முகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நான் பின்னால் சாய்ந்தேன்.